சுவீகாரப் பத்திரமும் கொஞ்சம் வயிற்றெரிச்சலும்

நிலத்தை எழுதிக் கொடுப்பதற்கும் பிள்ளையை எழுதிக் கொடுப்பதற்கும் எங்கள் தொழிலில் ஒரே பேனா, ஒரே மைதான். நிலம் என்றால் நான்கு பக்கத்து எல்லையையும் விசாரிப்போம், பிள்ளை என்றால் அதுகூடக் கிடையாது.

தேனிப் பக்கத்தில் ஒரு சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் சாய்வுமேசை போட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். என்னைப் போல எழுதிப் பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கும் ஞாபகம் வரும். கிரயமோ அடமானமோ எழுதிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போவோம். சுவீகாரம், அதாவது பிள்ளையைத் தத்துக் கொடுக்கிற பத்திரம், எழுதிய அன்றைக்கு மட்டும் சோறு இறங்காது.

வண்டிக்குள் இருந்தவள்

ஜெயமங்கலத்து விவசாயி ஒருவர் தன் மூன்றாவது மகனைத் தேவதானப்பட்டியில் இருந்த பெரியப்பா மகனுக்குச் சுவீகாரம் கொடுக்க வந்தார். பையனுக்குப் பேச்சு அப்போதுதான் திருந்தியிருந்தது. நான் வழக்கம்போல் 'மனப்பூர்வமாகச் சம்மதித்து' என்று எழுதிவிட்டு, வீட்டுக்காரம்மாவுக்குச் சம்மதந்தானா என்று கேட்டேன். அவளைக் கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டார். அதுதான் கொடுமை. அப்படி ஒரு சட்டம் இல்லை. அப்பன் கொடுத்தால் போதும். பெற்றவள் வேண்டாம் என்று தரையில் விழுந்து புரண்டாலும் பத்திரம் செல்லும்.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து வேப்பமரத்தடியில் நின்ற அவர்களுடைய மாட்டு வண்டிக்குப் போனேன். அந்தப் பெண் தூங்குகிற பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மறுபக்கம் பார்த்திருந்தாள். எழுதியதை வாசித்துக் காட்டினேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. தன் பேர் எங்காவது வருகிறதா என்று மட்டும் கேட்டாள். வரவில்லை என்றேன். பிள்ளையின் காலைத் தடவியபடி சொன்னாள்: "எம் பேரு கெடக்கட்டும்யா. வயித்துவலி வந்தா இவன் குப்புறப் படுத்தாத்தான் தூங்குவான். அதை மட்டும் எங்கனயாச்சும் எழுதி வையுங்க."

திருப்பிக் கொடுக்க வந்தவர்

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்தவர் அவர். பிள்ளையில்லாமல் ஒரு பையனைச் சுவீகாரம் எடுத்து வளர்த்தார். பையன் மீசை முளைத்துக் கடைக்கணக்கையெல்லாம் பார்க்கிற வயதுக்கு வந்தபோது, இவருடைய இரண்டாம் தாரத்துக்கு ஆண்குழந்தை பிறந்துவிட்டது. உடனே சுவீகாரத்தை ரத்துச் செய்து பத்திரம் எழுதச் சொல்லி வந்து நின்றார், அந்தப் பையனையே குடை பிடிக்க வைத்துக்கொண்டு.

ஒருதரம் முறையாக எடுத்த பிள்ளையை ரத்துச் செய்ய வழியே இல்லை என்று பொறுமையாகச் சொன்னேன். சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரே இடம் அது. அவர் விடவில்லை. சொந்த ரத்தம் வந்தபிறகு இரவல் எதற்கு என்று உரக்கக் கேட்டார். பையன் குடையைச் சாய்க்காமல் பிடித்தபடி நின்றான். பக்கத்து மேசையில் எழுதிக்கொண்டிருந்த ரத்தினம் பிள்ளை, எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "மாட்டுச் சந்தையிலகூட பல்லைப் பிடிச்சுப் பாக்குறது வாங்குறதுக்கு முன்னாலதான், மொதலாளி."

கொடுக்க ஆள் இல்லாத பிள்ளை

அல்லிநகரத்திலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி. மலைத்தோட்டத்தில் கூலிக்குப் போன ஒரு குடும்பத்தை விஷக்காய்ச்சல் அடியோடு கொண்டுபோக, மிஞ்சிய பெண்குழந்தையை இவர்கள் எடுத்து வளர்த்தார்கள். நடக்கவும் பேசவும் இவர்கள் வீட்டில்தான் கற்றது. ஊரில் யாரும் நாளைக்கு நாக்கு மேல் பல் போட்டுப் பேசக்கூடாது, முறையாகச் சுவீகாரம் எழுதுங்கள் என்றார் அந்த மனிதர்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பெண்பிள்ளையைச் சுவீகாரம் எடுக்க முடியாது. அதைக்கூட அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். இது பையனாகவே இருந்தாலும் முடியாது என்று அடுத்ததைச் சொன்னேன். சுவீகாரம் என்றால் பெற்றவர்களில் ஒருவர் கையால் கொடுக்க வேண்டும். அநாதைக்குக் கொடுக்க ஆள் இல்லை, ஆகவே எடுக்கவும் முடியாது. அவர்களுடைய தோட்டத்தில் ஒரு பங்கை 'அபிமான புத்திரி', அதாவது அன்பால் மகள், என்று போட்டுத் தான செட்டில்மெண்டாக எழுதிக் கொடுத்தேன். என்னால் ஆனது அவ்வளவுதான். ஆனால் நான் சட்டத்தைச் சொல்லி முடித்ததும், குழந்தையை இடுப்பில் வைத்திருந்த அந்த அம்மாள் இப்படிக் கேட்டாள்: "அப்ப, ஆத்தா அப்பன் இருக்கிற பிள்ளைக்குத்தான் இன்னொரு ஆத்தா அப்பன் கெடைக்குமாக்கும்?"

இல்லை என்பதற்கு ஒரு ரேகை

என்னை அதிகம் கொதிக்க வைத்தது சின்னமனூர்க்காரர் ஒருவர். அவருடைய அண்ணன், பிள்ளையில்லாதவர், பங்காளி வீட்டிலிருந்து தங்கவேல் என்கிற பையனைச் சுவீகாரம் எடுத்திருந்தார். பையனைக் கொடுத்தவள் பேச்சியம்மாள்; புருஷன் செத்து, வீட்டில் அடுப்பெரிய வழியில்லாமல் கொடுத்தவள். கொடுத்த கையோடு குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் கூலியாகப் போய்விட்டாள். பையனிடம் பெற்றவள் செத்துப்போனாள் என்று சொல்லி வளர்த்தார்கள். வருஷங்கள் போயின. அண்ணனும் காலமானார். தங்கவேலுக்குப் பெரிய இடத்தில் கல்யாணம் நிச்சயமானது. சேதி மலைக்கும் எட்டி, பேச்சியம்மாள் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று இறங்கி வந்திருக்கிறாள்.

தங்கவேலுக்குச் சித்தப்பாவான அந்தச் சின்னமனூர்க்காரர் அவளை வழியிலேயே மடக்கி, என்னிடம் கூட்டி வந்தார். 'தங்கவேலுக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை, அவன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்' என்று அவள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கூலிக்காரி பெற்ற பிள்ளை என்று தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடுமாம். அப்படி ஒரு பத்திரத்தை நான் எழுத மாட்டேன் என்றேன். வேறு ஆள் எழுதுவான் என்றார். வெற்றுத்தாளில் ரேகை மட்டும் வை என்று மைப்பெட்டியைப் பேச்சியம்மாள் பக்கம் அவர் தள்ளியபோது அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பெற்றேன் என்பதற்கு ரேகை கேட்டால் பத்து விரலும் வைப்பதாகவும், இல்லை என்பதற்கு ஒரு விரல்கூட வைக்க முடியாது என்றும் சொன்னாள். ஆபீஸ் மூடுகிற நேரம், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருவரையும் அனுப்பிவிட்டேன். அவள் சத்திரத்துக்குப் போனாள். நான் சின்னமனூர் பஸ் ஏறினேன்.

பத்திரம் எழுதுகிறவனுக்கு இது வேலை இல்லைதான். தங்கவேலிடம் விஷயத்தைச் சொன்னபோது அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளேயிருந்து வளர்த்த தாயார் வந்தார்கள். நான் சொன்னதை மறுக்கவில்லை. பெற்றவளைப் பார்த்தால் பிள்ளை தன்னை விட்டுப் போய்விடுவானோ என்ற பயத்தில், மற்றவர்கள் சொன்ன பொய்யைத் தானும் சொன்னதாக ஒத்துக்கொண்டார்கள். தங்கவேல், விடிந்ததும் வளர்த்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றான்.

மறுநாள் ஆபீஸ் வாசலில் பேச்சியம்மாள் அவனைப் பார்த்ததும் எழுந்து ஒதுங்கி நின்றாள், ஏதோ துரையைப் பார்த்த மாதிரி. "வாங்க தம்பி" என்றாள். பெற்ற மகனை வாங்க என்று கூப்பிட்டது எனக்குத் தாங்கவில்லை. அவனுக்கும் தாங்கவில்லை, அவள் காலடியில் புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டான். அப்போதும் சித்தப்பாக்காரர் ஊர் என்ன சொல்லும், சம்பந்தி என்ன சொல்வார் என்று ஆரம்பித்தார். வளர்த்த தாயார் அவரைத் தாண்டிப் போய்ப் பேச்சியம்மாளின் கையைப் பிடித்தார்கள். "பந்தியில எம் பக்கத்துல உக்காருங்கக்கா. கேக்குறவுகளுக்கு நான் சொல்லிக்கிறேன்."

இப்போது சட்டம் மாறி, பெண்பிள்ளையையும் எடுக்கலாம், அநாதையையும் எடுக்கலாம், பெற்றவளையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று டெல்லியில் எழுதிவிட்டார்களாம். எங்கள் ஆபீஸ் வாசலில் பொம்பளைகள் அத்தனை காலமாகக் கேட்டது அங்கே போய்ச் சேர, மாட்டு வண்டியில்தான் அனுப்பியிருக்கிறார்கள் போல.