மப்ளர் கட்டிய கார்

வேலுச்சாமி அண்ணன் இறந்துவிட்டார்.

இன்று காலை போன். "சாருங்களா? நான் வேலுச்சாமி பொண்ணு பேசறேனுங்க. அப்பா நேத்து சாயங்காலம் தவறிட்டாருங்க..."

"எந்த வேலுச்சாமிங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் பெற்ற மகளிடம்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. "மார்கழிக் குளுருல உங்க கூட கார் விட வருவாருங்களே... அந்த வேலுச்சாமிங்க" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் இருந்தோம். நான் ஆபீஸ், அவர் லேத். துபாயிலிருந்து வந்த சித்தப்பா எனக்கு ஒரு ரிமோட் கார் கொடுத்திருந்தார். பேட்டரி கார் இல்லை, நைட்ரோ எரிபொருளில் ஓடுவது... நிஜ எஞ்சின். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும், புகை விட்டுக்கொண்டு பறக்கும். அந்த வயதில் எனக்கு இருந்த ஒரே பெருமை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில்தான் கிரவுண்ட் காலியாக இருக்கும். மார்கழியில் மலைக்காற்று இறங்கும் நேரம். எஞ்சின் ஜில்லென்று கிடக்கும். கை ஓயும் வரை கயிறு இழுத்தாலும் ஒரு இருமல்கூட வராது.

எதிரில் ஒரு டீக்கடை. பார்சல் டீ கட்டும் கவரில் சுடுதண்ணீர் வாங்கி வந்து எஞ்சின் தலையில் வைத்துப் பிடித்துக்கொள்வார் அண்ணன். எங்களைப் பார்த்தாலே கடைக்காரர் ஆரம்பித்துவிடுவார். "ஏனுங்க, காருக்கு ஒரு பார்சலுங்களா? சக்கரை போடட்டுங்களா?"

கொஞ்ச நேரத்தில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அண்ணன் சிரிப்பார். நான் ரிமோட்டை எடுப்பேன்.

என் மொபெட்டின் பின்னால் காரை மடியில் வைத்துக்கொண்டு வருவார். தன் மப்ளரைக் கழற்றி அதற்குச் சுற்றிவிடுவார். அவருக்கோ குளிர் பட்டால் காது வலி.

"நீங்க கட்டுங்கண்ணா" என்றால், "எனக்கு வெயில் வந்தாச் செரியாப் போயிருமுங்க தம்பி. வண்டி இப்பவே ஓடோணுமுல்லங்க" என்பார். நானும் வற்புறுத்தியதில்லை.

கார் கவிழ்ந்தால் ஓடிப்போய் நிமிர்த்துவதும் அவர்தான். காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்.

ஒருநாள் கேட்டார். "தம்பி, ஒருக்கா நானும் ஓட்டிப் பாக்கட்டுங்களா?"

"எஞ்சின் ஆறிப்போயிரும்ணா. அடுத்த வாரம் பாக்கலாம்" என்றேன்.

ஆறாமல் பார்த்துக்கொண்டதே அவர்தான்... அவரிடமே அதைச் சொன்னேன். லேத் ஓட்டுகிறவருக்கு ரிமோட் பிடிக்கத் தெரியாதாம். என் நினைப்பு அப்படி.

அடுத்த வாரமும் சுடுதண்ணீர் வாங்கி வந்தார். மறுபடி கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

அப்புறம் வேலை மாறி திருப்பூர் வந்துவிட்டேன். காரை யாருக்கோ தூக்கிக் கொடுத்தேன். அவருக்கு இல்லை.

இன்று போனை வைக்கும் முன் அந்தப் பெண் ஒன்று கேட்டாள்.

"அப்பா நல்லா ஓட்டுவாருங்களாமா சார்? வளைவுல எப்படித் திருப்போணும்னு சின்னதுல எங்களுக்கு வெறுங்கையில செஞ்சு காட்டுவாருங்க. இப்பப் பேரனுக்கும் காட்டுவாரு... அவன் நம்பவே மாட்டேங்கறானுங்க. நீங்க வந்தா அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க சார்."

வெறுங்கையில்...

"நல்லா ஓட்டுவாரும்மா" என்றேன். "என்னைவிட நல்லா ஓட்டுவாரு."

மதியம் எடுக்கிறார்கள். பஸ்ஸில் உட்கார்ந்து இதை டைப் செய்துகொண்டிருக்கிறேன். அந்தப் பையன் முகத்தைப் பார்த்து இதையே இன்னொரு முறை சொல்ல வேண்டும்.

மன்னிச்சுக்குங்கண்ணா. வாரேனுங்க.