மூன்றாவது பெயர்

வலப்பனைக்கு அப்பால் இருந்த பெரியம்மாவின் ஊரில் பாதியை மலை சரிந்து மூடிய மறு வருஷம், பள்ளி விடுமுறையில் அம்மா என்னை அங்கே அழைத்துப் போனாள். எனக்கு எட்டு வயது. நோர்வூட்டிலிருந்து மூன்று பஸ் மாறினோம்.

பெரியம்மாவின் ஒரே மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். அவளைப் பற்றி வீட்டில் எனக்குச் சொன்னதெல்லாம், "அக்காவ இன்னும் கண்டுபிடிக்கல" என்பதுதான். அப்படியென்றால் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் விளங்கிக்கொண்டேன். தேடுகிறவர்கள் பெரியவர்கள், அவள் எங்கெங்கே ஒளிவாள் என்பது என்னளவுக்கு அவர்களுக்குத் தெரியாது. நான் போனால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும் என்ற பெருமையோடுதான் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

இறங்கியதும் ஒன்றும் பிடிபடவில்லை. பஸ் நிலையம் இருந்த இடத்தில் செம்மண் மேடு. பஸ் நின்றதோ பள்ளிக்கூட மைதானத்தில். தபால் கந்தோர் கோயில் மண்டபத்துக்கு வந்திருந்தது. அக்காவோடு போய் பனிஸ் வாங்கும் பேக்கரி, வேறொரு தெருவில் தகரக் கொட்டகைக்குள் இருந்தது. முதலாளி மட்டும் பழைய ஆள். அவர் அம்மாவிடம் சிங்களத்தில் ஏதோ தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, நான் கேட்காமலே என் கையில் ஒரு பனிஸைத் திணித்தார். எதற்கென்று தெரியவில்லை. தின்றேன்.

மேட்டோரத்தில் ஒரு பெக்கோ இயந்திரம் மண்ணை அள்ளி அள்ளி ஒதுக்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, அக்காவையா தேடுறாங்க?"

"வீடு கட்ட அத்திவாரம் வெட்டுறாங்க. பேசாம வா."

அவள் பிடித்த பிடியில் என் மணிக்கட்டு வலித்தது. தேட வேண்டிய இயந்திரத்தை வீடு கட்ட விட்டுவிட்டால் அக்காவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்குக் கோபமாக வந்தது.

பெரியம்மாவும் பெரியப்பாவும் பலகை அடித்த தற்காலிகக் கொட்டிலில் இருந்தார்கள். புது வீடுகளுக்குப் பெயர் பதிய அன்று மத்தியானம் ஓர் அதிகாரி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மெதுவாகப் பேசினார்.

"உங்கட வீட்டில எத்தினை பேர் அம்மா?"

"மூணு பேருங்க சார்," என்றாள் பெரியம்மா. பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதிகாரி கையிலிருந்த தாளைப் பார்த்தார். "மூண்டாவது ஆள் ஆர்?"

பெரியம்மா என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். "மக," என்று சொல்லி அக்காவின் பெயரைச் சொன்னாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். பொய் சொன்னதற்காக ஒரு முறை என் வாயில் மிளகாய் தேய்த்தவள் அவள். இப்போது வாயே திறக்கவில்லை.

அதிகாரி குனிந்தார். "பிள்ளையின்ர பேர் என்ன?"

நான் என் பெயரைச் சொன்னேன். அது போதாதென்று, "நாங்க நோர்வூட்டுங்க சார். அக்காவ இன்னும் கண்டுபிடிக்கல" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

பெரியம்மாவின் கை என் தோளை விட்டு இறங்கவில்லை. முன்னைவிட இறுக்கிப் பிடித்தது. அதிகாரி பேனாவை மூடினார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார்: பெரியப்பா பெயர், பெரியம்மா பெயர், அக்கா பெயர்.

"சரியோ அம்மா?"

பெரியம்மா தலையாட்டினாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். என் வாயால் அவர்களுக்கு வீடு இல்லாமல் போய்விடும் என்று பயம்.

"வீடு கெடைக்கும். அழாத," என்றாள் அம்மா.

"அப்ப பெரியம்மா ஏன் பொய் சொன்னாங்க?"

அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

வீடு கிடைத்தது. அந்த வரிசையில் எல்லா வீடும் ஒரே அளவு; இருவர் இருந்தாலும் அறுவர் இருந்தாலும் இரண்டு அறை, ஒரு குசினி. பெயர் பதிய வருவதற்கு முன்பே அதை எல்லோருக்கும் சொல்லியிருந்தார்களாம். நான் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு, பேச்சோடு பேச்சாகப் பெரியப்பாதான் சொன்னார். அதுவரை, வீட்டுக்காகத்தான் பெரியம்மா அப்படிச் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.