கட்சி கேட்டுக் கைகொடுத்தவர்

எனக்கு எழுத்து சரியாக வராது, மறதியும் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் எசன் நகரத்துக் கத்தோலிக்கக் கோயிலில் நடந்த தமிழ்ப் பூசையில் எனக்கு ஒரு பக்கம் அமெரிக்காவில் இருந்து வந்த ஒருவர், மறுபக்கம் அங்கிருந்தே வந்த அவருடைய தங்கை. அவர் சட்டையில் சிலுவையும் அந்த நாட்டுக் கட்சி ஒன்றின் சின்னமும் ஒரே ஊசியில் தொங்கின.

பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம் தங்கை என்னைத் தாண்டிக் கை நீட்டினாள்.

"அண்ணை, நாளைக்குத் திரும்பிப் போறன். கையைத் தாங்கோ."

"நீ மற்றக் கட்சிக்கு வோட்டுப் போட்டனி. யேசுவே வந்து சொன்னாலும் ஏலாது."

பிறகு என்னிடம் திரும்பினார். "அக்கா எந்தக் கட்சி?"

"இந்த நாட்டிலையே எனக்கு வோட்டு இல்லை, தம்பி."

"அப்ப சரி!" என் கையைச் சந்தோஷமாகக் குலுக்கிவிட்டு, நற்கருணை அப்பம் வாங்க முதல் ஆளாகப் போனார். நீட்டியிருந்த தங்கையின் கையை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

அமெரிக்கக் கோயில்களில் இப்படித்தானா? தெரிந்தவர்கள் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.