தையல் மெஷின் எடுக்கப் போனது

தொண்ணூறுகளின் நடுவில் குரோம்பேட்டையில் ஒரு சின்னத் தனியார் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். மாவுக்கட்டு பிரித்த கைகால்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. வலி மறக்க ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பேன். டாக்டரிடம் சொல்லாததை என்னிடம் சொல்பவர்கள் அதனால்தான் இருந்தார்கள் போல.

அந்தப் பெண் முடிச்சூரிலிருந்து வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். வலது மணிக்கட்டுக்கு மேலே எலும்பு உடைந்து கூடியிருந்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் சொல்லியிருந்தாள். சில தடவை வந்து பழகிய பிறகு ஒரு நாள், நான் கேட்காமலேயே, "விழலக்கா. அவருதான் புடிச்சு முறுக்கிட்டாரு" என்றாள். பஸ் லேட் என்று சொல்வது மாதிரி சொன்னாள். அவள் கை அப்போது என் கைக்குள் இருந்தது. விடுவதா, பிடித்துக்கொண்டே இருப்பதா என்று தெரியவில்லை. "வெரல மடக்குங்க" என்றேன்.

எலும்பு டாக்டரிடம் போய்ச் சொன்னேன். ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். "எனக்கும் சந்தேகம்தான். வழுக்கி விழுந்தா இப்படி உடையாது" என்றவர், கேஸ் சீட்டை எடுத்துக் காட்டி, "அவங்க சொன்னதைத்தான் எழுதினேன்" என்றார்.

அந்த வாரமே அவருக்குத் தெரிந்த வக்கீல் அம்மா ஒருவரையும், எங்கள் பக்கம் புதிதாக வந்திருந்த மகளிர் காவல் நிலையத்தின் எஸ்.ஐ.யையும் வரச் சொன்னார். சனிக்கிழமை மதியம் நோயாளிகள் போன பிறகு என் அறையில் உட்கார்ந்தோம். நாற்காலி போதாமல் வக்கீல் பயிற்சிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"கேஸ் போடணும். இன்னிக்கு விட்டா நாளைக்கு உயிருக்கே ஆபத்து" என்றார் வக்கீல்.

"போட்டா உள்ள போவான், வெளிய வருவான். வந்தப்புறம் இந்தப் பொண்ணு எங்க இருக்கும்? நான் கூப்ட்டு மிரட்டி எழுதி வாங்கறேன்" என்றார் எஸ்.ஐ.

"முதல்ல கை சரியாகணும். அதுவரைக்கும் அந்த வீட்டுக்கு அனுப்பக்கூடாது" என்றார் டாக்டர்.

மூன்றும் எனக்குச் சரியாகப் பட்டன. மூன்றுக்கும் தலையாட்டினேன். கடைசியில் எஸ்.ஐ. என் பக்கம் திரும்பி, "ஆமா, அந்தப் பொண்ணு இன்னா சொல்லுது?" என்றார். நாங்கள் யாரும் அவளைக் கேட்டிருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவளையும் உட்கார வைத்தோம். அதற்குள் அவள் கூடப் படித்த தோழியின் செம்பாக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். கேஸ் வேண்டாம் என்றாள். திரும்பிப் போகவும் மாட்டேன் என்றாள்.

"எங்கம்மா வூட்ல குடுத்த மெஷின் அங்க கீது. அது வந்துட்டா போதும்."

"அவ்வளவுதானா?" என்றார் வக்கீல். குரலில் ஏமாற்றம் தெரிந்தது.

"அது இல்லாம நான் எங்க போயி இன்னா பண்ணுவேன் மேடம்?"

போலீஸை மட்டும் அனுப்பினால் ஆத்திரத்தில் மெஷினை உடைத்துவிடுவான் என்று பயந்தாள். எல்லோரும் சேர்ந்து போவது என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை காலை, டாக்டர் தன் மாருதி வேனின் கடைசி வரிசை சீட்டைக் கழற்றிவிட்டு வந்தார். எஸ்.ஐ. சாதாரணப் புடவையில் இருந்தார். அவள் எனக்கும் வக்கீலுக்கும் நடுவில் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். முடிச்சூரில் வயலெல்லாம் கல் நட்டு மனையாகிக்கொண்டிருந்த நேரம். முள் புதர்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள்.

அவள் வேனிலேயே இருந்துகொண்டாள். அவள் புருஷன் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன், அன்று லீவு. சண்டைக்குத் தயாராகத்தான் உள்ளே போனோம். அவன் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, "வாங்க சார், உக்காருங்க" என்றான். பக்கத்து வீட்டில் நாற்காலி கேட்டு வாங்கி வந்தான். எஸ்.ஐ. நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். அவன் நேராகப் போய் மெஷினின் பெல்ட்டைக் கழற்றினான். அதன் மேல்பாகத்தை மெதுவாக மேசைக்குள்ளே மடக்கினான். பழைய பெட்ஷீட்டைச் சுற்றிக் கயிறு கட்டினான். டாக்டர் ஒரு பக்கம் பிடிக்கப் போனபோது, "வேணா சார், நானே தூக்கறேன்" என்றான்.

"ஊசியக் கழட்டி டப்பால போட்டுட்டேன் மேடம். படுக்கப் போடாதீங்க, ஆயில் ஊத்திக்கும்" என்று என்னிடம் சொன்னான். வேனுக்குள் அவள் இருப்பதைப் பார்த்தான்.

"கை எப்டி கீது?"

"பரவால்ல" என்றாள் அவள்.

அவ்வளவுதான். வெறுப்பதற்கு ஒரு முகத்தை மனதில் தயாராக வைத்திருந்தேன். இந்த முகம் அதில் பொருந்தவில்லை. எலும்பை முறித்த கைகளும் ஊசியை டப்பாவில் போட்ட கைகளும் ஒன்றுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. திரும்பும் வழியில் அவளைச் செம்பாக்கத்தில் இறக்கிவிட்ட பிறகு வக்கீல், "நடிக்கிறான்" என்றார். "எனக்கு அப்படித் தெரியல" என்றார் எஸ்.ஐ.

அவள் செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ஒற்றை அறை எடுத்து ரவிக்கை தைக்க ஆரம்பித்தாள். எஸ்.ஐ. அவனைக் கூப்பிட்டு, இனி அவள்மேல் கை வைக்க மாட்டேன் என்று எழுதி வாங்கினார். வக்கீல் கேஸுக்கான மனுவைத் தயாராக வைத்திருந்தார். அவள் கையெழுத்துப் போடவில்லை. டாக்டர் அவள் சம்மதத்தோடு கேஸ் சீட்டில் உண்மையைச் சேர்த்தெழுதினார். எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று நினைத்திருந்தபோது, அவன் ஞாயிறுதோறும் அங்கே போகிறான் என்று எஸ்.ஐ. கோபமாகச் சொன்னார்.

போய்ப் பார்த்தேன். அவன் வெளிப்படியில் உட்கார்ந்து அயர்ன்பாக்ஸ் ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து தெருமுனைக்குப் போய்விட்டான்.

"உள்ள வுடறதில்லக்கா. படியோட சரி" என்றாள்.

"பயமா இல்லையா?"

"கீது." தைப்பதை நிறுத்தினாள். "வரலன்னா அதுவும் பேஜாராத்தான் கீது."

இதை அப்படியே மற்ற மூவரிடமும் சொன்னேன். "அப்ப நாம எதுக்கு இருக்கோம்?" என்று வக்கீல் கேட்டார். கோபமாக இல்லை, உண்மையாகவே கேட்டார். எஸ்.ஐ. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பெண் போலீஸை அந்தத் தெரு வழியாகப் போய்வரச் சொன்னார். வேறு என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே போனது. பிறகு அவன் வருவது நின்றுவிட்டது. அவள் வரவேண்டாம் என்றாளா, அவனாகவே நிறுத்தினானா, அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு துணி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். சனிக்கிழமை மதியங்களில் நாங்கள் நாலு பேரும் என் அறையில் கூடுவது அதற்குள் வழக்கமாகியிருந்தது. அப்படி ஒரு சனிக்கிழமை, கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்த ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து, "எங்க கம்பெனிக்கா" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்கு நேரமாகிறது என்று ஓடினாள். வக்கீல் கட்டிலில் நகர்ந்து இடம்விட்டார். வந்தவள் உட்காரவில்லை. இந்தத் தடவை எஸ்.ஐ. முதலிலேயே, "உனக்கு இன்னா வேணும்மா?" என்று அவளைக் கேட்டார்.