நஷ்வா அப்லா போட்ட பூஜ்யம்

எகிப்தின் மஹல்லா நகரத்தில், அந்தப் பெண்கள் பள்ளியில், எட்டாம் வகுப்பு ஏழாம் பிரிவு என்றாலே பழைய ஆசிரியைகளுக்குத் தலைவலி வந்துவிடும். பெஞ்சுக்கு நான்கு பேராக எண்பத்திரண்டு பெண்கள். அதைத்தான், சேர்ந்து ஐந்து வாரமே ஆன நஷ்வாவின் தலையில் கட்டியிருந்தார்கள். புதிதாக வருகிறவளுக்கு யார் நல்ல வகுப்பைக் கொடுக்கிறார்கள்!

நஷ்வா பீரியடு கணக்கில் கூலி வாங்கும் ஒப்பந்த ஆசிரியை. அறிவியல் பாடம். மாணவிகளுக்கு ‘அப்லா’, அதாவது டீச்சர். வகுப்பு வாசலை நெருங்கும்போதே அவள் நடை தானாகக் குறையும். கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், முதுகுக்குப் பின்னால் சூரியகாந்தி விதை கொறிக்கும் சத்தம், பிறகு சிரிப்பு, பிறகு சந்தைக்கடை இரைச்சல். பாதிப் பேர் இதே பாடத்தைச் சாயங்காலம் டியூஷனில் காசு கொடுத்துப் படிப்பவர்கள். மற்றவர்களுக்கு டியூஷனுக்கும் வழியில்லை, இந்தக் கூச்சலில் பாடமும் காதில் விழவில்லை. நஷ்வா பலகையில் எழுதுவதையே குறைத்துக்கொண்டு, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு பாடம் நடத்தப் பழகியிருந்தாள்.

திங்கட்கிழமை அவள் பொறுமை கெட்டது. மூன்றாம் பெஞ்சு இப்திஸாம் எழுந்து, அப்லா சுவரோரமாகப் பதுங்கிப் பதுங்கி நடப்பதை அப்படியே நடந்து காட்டினாள். வகுப்பே மேஜையைத் தட்டியது.

“இப்திஸாம்! உன் இன்டர்னல் மார்க் பூஜ்யம். இன்னிக்கே போட்டுடறேன். அடுத்து யாருக்கு வேணும்?”

அடுத்த நொடி வகுப்பு அடங்கியது. உண்மையில் மார்க் நோட்டு நிரந்தர ஆசிரியர் ஒருவரின் பீரோவில் பூட்டிக் கிடந்தது. ஒப்பந்தக்காரர்கள் அதைத் தொடக்கூட முடியாது. அது இந்தப் பெண்களுக்குத் தெரியாது என்ற ஒரே தைரியத்தில்தான் அவள் வாயை விட்டாள். அந்த அமைதி அவளுக்கு இனித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் காலை ஆபீஸ் கிளார்க் ஹிக்மத் அவளை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“நஷ்வா, இப்திஸாமோட அம்மா உன்னைத் தேடி வராளாம். மில்லுல வேலை பார்க்கிறவ, கை இரும்பு. போன வருஷம் இப்படித்தான் ஒருத்தி வந்து கணக்கு அப்லாவோட தலைத்துணியப் பிடிச்சு இழுத்துட்டா.”

நஷ்வா கழிப்பறைக்குப் போய்த் தலைத்துணியில் இன்னும் மூன்று ஊசிகளைக் குத்திக்கொண்டாள். அவசரத்தில் ஒன்று விரலிலேயே ஏறிவிட்டது. எண்பத்திரண்டு பேர் முன்னால் அடி வாங்கிவிட்டு எந்த முகத்தோடு அந்த வகுப்புக்குள் திரும்ப நுழைவது?

நான்காம் பீரியடில் கதவு திறந்தது. பெரியவர்கள் யார் உள்ளே வந்தாலும் எழுந்து நிற்கும் வழக்கப்படி வகுப்பு முழுவதும் எழுந்து நின்றது. ஏப்ரனில் பஞ்சுத் தூசியோடு உள்ளே வந்த இப்திஸாமின் அம்மா, மகளைப் பெஞ்சிலிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நஷ்வாவின் முதுகு தானாகச் சுவரைத் தேடியது.

“சண்டைக்கு வரல அப்லா. இவ பையை எடுக்க வந்தேன். படிப்ப நிறுத்தறோம். பூஜ்யம் வாங்கறவளுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்னு இவ அப்பா தையல் பட்டறைல வேலைக்குப் பேசி முடிச்சிட்டார். மனுஷன் ஒரு சாக்குக்குத்தான் காத்துக்கிட்டிருந்தார்.”

இப்திஸாம் தலையைத் தூக்கவேயில்லை. நேற்று அத்தனை ஆட்டம் போட்டவள் அழாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் வெளிய வாங்க, பேசலாம்.”

“எல்லார் முன்னாடியும் குடுத்த பூஜ்யம்தானே? இங்கயே சொல்லுங்க. அது நிஜமா, இல்லையா? வீட்டுல அவர் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?”

உண்மையைச் சொன்னால், மிச்சமிருந்த ஒரே ஆயுதமும் போயிற்று. நாளையிலிருந்து இந்த வகுப்பு அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும். சொல்லாவிட்டால் பதின்மூன்று வயதுப் பெண் தையல் மிஷினில் உட்கார்ந்துவிடுவாள்.

“பொய்,” என்றாள் நஷ்வா. “நான் பூஜ்யம் போடல. என்னால போடவும் முடியாது. மார்க் நோட்டு என்கிட்ட கிடையாது. சும்மா மிரட்டினேன். எனக்குப் பயமா இருந்துச்சு.”

“யாரைப் பார்த்து?”

“இவங்களைப் பார்த்துத்தான்.”

அந்த அம்மா வகுப்பை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். “இந்தக் கழுதைங்களப் பார்த்தா? யா அல்லாஹ்!” மகளின் தோளைப் பிடித்து அவள் இடத்துக்குத் தள்ளினாள். “நில்லுடி இங்க. உங்கப்பாகிட்ட நான் பேசிக்கறேன்.” கதவு சாத்திக்கொண்டது.

இனி என்ன செய்வதென்று நஷ்வாவுக்குத் தெரியவில்லை. சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பினாள். சுவரோ பூஜ்யமோ இல்லாமல் முதுகு வெறுமனே இருந்தது. தலைப்பை எழுதினாள். சிரிப்புக்காகக் காத்திருந்தாள். விதை கொறிக்கிற சத்தம்கூட வரவில்லை. அதுவே அவளை இன்னும் பயமுறுத்தியது. இரண்டாவது வரியையும் எழுதினாள்.

“அப்லா,” என்றது இப்திஸாமின் குரல். “உட்காரலாமா?”

திரும்பினாள். அந்த அம்மா வந்ததிலிருந்து நஷ்வா யாரையும் உட்காரச் சொல்லவில்லை. எண்பத்திரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.

“உட்காருங்க,” என்றாள் நஷ்வா. குரல் நடுங்கியது எல்லோருக்கும் கேட்டது.