பூதத்தின் உள்பக்கம்

எங்கள் ஷூ கம்பெனியில் ஊழியர்களுக்குள் ஒற்றுமை போதவில்லை என்று மேலிடத்தில் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்கு மருந்தாக ஒரு சனிக்கிழமை காலை எங்களை எல்லாம் பாதாளத்துக்குள் இறக்கினார்கள்.

ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகிற வழியில் கம்பெனிக்குச் சொந்தமான, தோல் பதனிடுகிற பழைய டேனரி ஒன்று மூடிக் கிடக்கிறது. அதன் அடியில், பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டு அடுக்கி வைத்த நிலவறை ஒன்று உண்டு. பன்னிரண்டு படி இறங்க வேண்டும். டேனரி மூடி எத்தனையோ வருஷம் ஆகியும் அந்த நாற்றம் மட்டும் வேலையை விடவில்லை. பெங்களூரிலிருந்து ஒரு நிகழ்ச்சி அமைப்பாளர் வந்து அந்த நிலவறையைப் பார்த்துவிட்டு, இதைவிட நல்ல பாதாளம் கிடைக்காது என்று சொல்லிவிட்டாராம்.

விளையாட்டு இதுதான். நான்கு பேர் ஓர் அணி. ஒருவர் போர்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் வைத்தியர், ஒருவர் திருடர். கீழே இறங்கிப் போனால் வழியில் பூதங்கள் பாயும். ஸ்பஞ்சில் செய்த பெரிய பகடையை உருட்ட வேண்டும். நான்குக்கு மேல் விழுந்தால் பூதம் தோற்கும். கடைசியில் புதையல் பெட்டி.

யாருக்கு என்ன வேஷம் என்று சீட்டுக் குலுக்கினார்கள். ஷூக்களில் குறை கண்டுபிடித்து ஒதுக்கும் தரப் பரிசோதகரான எனக்குப் போர்வீரர். தையல் லைன் சூப்பர்வைசர் அக்காவுக்கு மந்திரவாதி. எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு வைத்தியர். ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்ளும் பாய்க்குத் திருடர்.

பாய் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் தரையைப் பார்த்தோம்.

காரணம் உண்டு. அதற்கு இரண்டு வாரம் முன்பு ஸ்டோர்ஸில் ஒரு கட்டு ரோமத் தோல் காணாமல் போயிருந்தது. குளிர் தேசத்து பூட்ஸுக்குள் வைக்கிற, ரோமத்தோடு பதனிட்ட செம்மறித் தோல். சாவி பாயிடம். எச்.ஆர். அதிகாரி அவருக்கு மெமோ கொடுத்தார். இருபது வருஷமாக ஸ்டோர்ஸைப் பார்க்கிற மனுஷன், 'நான் எடுக்கவில்லை' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். ஆளுக்கு ஆள் பேசினார்கள். நான் பேசவில்லை. ஆனால் மனசுக்குள் ஒரு ஓரத்தில், இருக்குமோ என்று நினைத்தேன். அதை இங்கே சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

"இத மாத்திக்கலாமா?" என்று பாய் அமைப்பாளரிடம் கேட்டார்.

அமைப்பாளருக்கு எதுவும் தெரியாது. "சார், டீம்லயே வெயிட்டான ரோல் இதான். பூட்டு திறக்கிறது, யாருக்கும் தெரியாம பொருளை எடுக்கிறது எல்லாம் நீங்கதான். உங்களுக்குக் கரெக்டா செட் ஆவும்" என்றார்.

சூப்பர்வைசர் அக்கா, "நான் வேணா திருடரா இருக்கேன்" என்றார். குலுக்கின சீட்டை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பாய் கறுப்புப் பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அதில் வெள்ளை எழுத்தில் 'திருடர்' என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தது. நானும் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மெமோ கொடுத்த எச்.ஆர். சார் அன்றைக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். அது ஒன்றுதான் பாய்க்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இறங்கினோம். என் கையில் ஸ்பஞ்சு வாள். அக்காவிடம் 'நெருப்புப் பந்து' என்று எழுதிய அட்டை. அண்ணனிடம் முதலுதவிப் பெட்டி. பாயிடம் ஒரு பிளாஸ்டிக் சாவிக் கொத்து. அதைக் கொடுத்தபோது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

பாதாளத்தில் பயப்பட எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. முந்தின நாள் முழுக்க அங்கே வயர் இழுத்தவர் எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன்தான்.

"இந்தத் தூணாண்ட சிவப்பு லைட் எரியும். பயப்படாதீங்க" என்றார். எரிந்தது.

"இங்க புகை வரும். மூக்கைப் பொத்திக்குங்க." வந்தது.

"இப்ப வலது பக்கம் ஒரு பூதம் வரும்."

கோணிச் சாக்கு கட்டிக்கொண்டு, முகத்தில் பச்சைச் சாயம் பூசி, ஒரு பூதம் கத்திக்கொண்டே குதித்தது. பட்டையும் லவங்கமும் வாசனை அடித்தது. அக்கா அட்டையைக்கூட எடுக்கவில்லை.

"மாஸ்டர், நீங்க இங்க வந்துட்டா பிரியாணி யார் பாக்குறாங்க?"

"தம்ல இருக்குதுக்கா. இன்னும் அரை மணி நேரம் ஆவும்" என்றது பூதம். பிறகு ஞாபகம் வந்து மறுபடியும் கத்தியது. பகடையை உருட்டினேன். ஐந்து. கேன்டீன் மாஸ்டர் செத்து விழுந்தார். உப்புத் தரையில் சட்டை அழுக்காகும் என்று உடனே எழுந்து சுவரோரம் உட்கார்ந்துகொண்டார்.

அப்போதுதான் பின்னாலிருந்து இரண்டாவது பூதம் பாய்ந்தது.

"இந்தப் பக்கம் நான் லைனே இழுக்கலியே" என்றார் அண்ணன், ஏமாற்றப்பட்ட குரலில்.

இது வேறு ரகம். ஆறடி உயரம், உடம்பு முழுக்கப் பழுப்பு ரோமம், கொம்பு, கோரைப் பல். தொண்டையைக் கிழித்துக்கொண்டு உறுமியது. நான் உண்மையாகவே அலறினேன். வாளால் அடித்தேன். வாள் மடங்கியது. பூதம் என் தோளைப் பிடித்து உலுக்கியது. அக்கா, "நெருப்புப் பந்து, நெருப்புப் பந்து" என்று அட்டையைப் பார்த்து இரண்டு தரம் வாசித்தார். அண்ணன் என்னைக் காப்பாற்றுவதற்குப் பதில், காயமே இல்லாத என் முழங்கையில் பிளாஸ்திரி ஒட்டினார்.

பாய் மட்டும் அசையாமல் நின்று பூதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக அருகில் வந்தார். அதன் கையைப் பிடித்து ரோமத்தை எதிர்த்திசையில் ஒரு தரம் தடவினார். விரலை விட்டுப் பிரித்து அடித்தோலைப் பார்த்தார்.

பூதம் அவரைப் பார்த்து உறுமியது.

"சும்மா நில்லு" என்றார் பாய்.

பூதம் சும்மா நின்றது. அவர் குனிந்து அதன் அங்கியின் ஓரத்தைத் தூக்கி உள்பக்கமாகத் திருப்பினார். "அண்ணே, டார்ச் அடிங்க."

அண்ணன் அடித்தார். தோலின் உள்பக்கத்தில் நீல மார்க்கரில் லாட் நம்பர் எழுதியிருந்தது. பக்கத்தில் பாயின் சுருக்கொப்பம். கட்டுகளை வாங்கிவைக்கும்போது அவர் ஒவ்வொரு தோலிலும் போடுகிற குறி. அது எங்களுக்கெல்லாம் தெரியும்.

"என் கையெழுத்து" என்றார் பாய். என் பக்கம் திரும்பினார். "மேடம், பாருங்க. என் கையெழுத்து."

நான் பார்த்தேன். நிறைய நேரம் பார்த்தேன். நிமிர எனக்குத் தைரியம் வரவில்லை.

மேலே ஸ்பீக்கரில் அமைப்பாளரின் குரல் கேட்டது. கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தார் போல. "திருடர் அட்டாக் பண்ணணும். பகடை உருட்டுங்க, டைம் போயிட்டிருக்கு."

பாய் திரும்பவில்லை. அக்கா பதற்றத்தில் பகடையை உதைத்துவிட்டார். இரண்டு விழுந்தது.

"அட்டாக் பலிக்கல. பூதம் தப்பிச்சிடுச்சு" என்றது ஸ்பீக்கர்.

அதைக் கேட்டதும் பூதம் நிஜமாகவே நழுவப் பார்த்தது. படிக்கட்டுப் பக்கம் இரண்டு எட்டு வைத்தது. எண்பது பேர் உட்கார்ந்து தைக்கிற லைனை ஒற்றை ஆளாக நடத்துகிற அக்கா, வழியில் குறுக்கே நின்றார். "எங்க போறே? பர்மிஷன் இல்ல."

"தலையைக் கழட்டு" என்றார் பாய்.

கழற்ற வரவில்லை. ஷூவுக்கு அடி ஒட்டுகிற பசையைப் போட்டுக் கழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். அண்ணன் தலையை இழுக்க, அக்கா உடம்பைப் பிடிக்க, செத்துப்போன கேன்டீன் மாஸ்டரும் எழுந்து வந்து ஒரு கை கொடுத்தார். பொளக்கென்று தலை வந்தது. உள்ளே எச்.ஆர். சார். வியர்வையில் நனைந்து, கண்ணாடி இல்லாமல், முயல் மாதிரி இருந்தார்.

"பாய், சொல்றேன், கொஞ்சம் கேளுங்க" என்றார். "ஸ்டாஃபுக்கு சர்ப்ரைஸ் குடுக்கலாம்னு டிரெஸ் தைக்கக் குடுத்தேன். ஞாயித்துக்கிழமை, ஆபீஸ்ல இருந்த இன்னொரு சாவியில எடுத்தேன். உங்ககிட்ட திங்கக்கிழமை சொல்லலாம்னு இருந்தேன். திங்கக்கிழமை ஸ்டாக் செக்கிங் வந்துட்டாங்க. அப்ப சொன்னா என் வேலைக்கே பேஜார் ஆயிடும்னு..."

"அப்புறம் மெமோ குடுத்தீங்க."

"அது, மேலருந்து குடுக்கச் சொன்னாங்க."

"எழுதுனது நீங்கதானே?"

"நான்தான்."

ஸ்பீக்கர் குறுக்கிட்டது. "டைம் ஓவர். சாரி டீம், நாலு பேரும் செத்துட்டீங்க."

"சாவுறது இருக்கட்டும்" என்று மேலே பார்த்துச் சொன்னார் பாய். பிறகு எச்.ஆர். சாரிடம், "இப்ப என்கிட்ட சொன்னத மேல வந்து மைக்ல சொல்லுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

ஏறினோம். மேலே வெயிலில் ஷாமியானாவின் கீழ் எல்லா அணிகளும் உட்கார்ந்திருந்தன. கழுத்துக்குக் கீழே பூதமாகவும் மேலே எச்.ஆர். அதிகாரியாகவும் ஒருவர் மைக்கைப் பிடித்தார். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். கடைசியில் ரோமக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாரும் கைதட்டினார்கள். விசில் வேறு. நன்றாக நடிக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். "சார், ஒன்ஸ் மோர்" என்று கட்டிங் பிரிவிலிருந்து ஒருவன் கத்தினான். இல்லை, இது நிஜம் என்று சார் சொல்லச் சொல்ல, சிரிப்பு ஜாஸ்தியானது. பாயைத் தூக்கி நிறுத்தி, 'திருடர்' பட்டை தெரிய போட்டோ எடுத்தார்கள். சிறந்த நடிப்புக்கென்று எங்கள் அணிக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். புதையல் வேறு அணிக்குப் போனது.

பாய் பிரியாணி சாப்பிடவில்லை. கம்பெனி பஸ்ஸில் போய் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து நானும் போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன்.

"பாய், நானும் கொஞ்சம் நம்பிட்டேன்" என்றேன்.

"தெரியும் மேடம்."

"எப்படித் தெரியும்?"

"முன்னல்லாம் ஸ்டோர்ஸுக்கு வந்தா ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருவீங்க. இந்த ரெண்டு வாரமா நின்னுக்கினே பேசிட்டுப் போய்ட்டீங்க."

மன்னிச்சிடுங்க என்று சொன்னது எனக்கே கேட்டிருக்காது. அவர் ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் திறந்துவிட்டார்.

"வீட்ல இன்னும் சொல்லல. மெமோ வந்ததே அவங்களுக்குத் தெரியாது. இப்ப மெமோ வந்துச்சுன்னு சொல்றதா, போய்டுச்சுன்னு சொல்றதா?" என்று கேட்டார். நிஜமாகவே யோசனை கேட்டார். போய்டுச்சுன்னு சொல்லுங்க, வந்தது தானா தெரிஞ்சிடும் என்றேன். அது சரியான யோசனையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில், தோலை எடுத்தது தான்தான் என்று எச்.ஆர். சார் எழுதிய கடிதம் வந்தது. அப்போதுதான் கம்பெனி முழுக்க சிரிப்பு நின்றது. கட்டிங் பிரிவிலிருந்து அந்த ஒன்ஸ் மோர் ஆள் தானே ஸ்டோர்ஸுக்குப் போய் வாசலில் நின்றுவிட்டு வந்தான் என்று சொன்னார்கள். எச்.ஆர். சாருக்கும் ஒரு மெமோ கிடைத்தது. அதை எழுத வேறு ஆள் இல்லாததால் அவரே டைப் செய்தார். கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து சரியாக வரவில்லை என்று பாயைத்தான் கூப்பிட்டுப் படித்துப் பார்க்கச் சொன்னாராம். பாய் போய் இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தார்.