இரண்டாவது என்று சொன்னேன்

துபாயில், சத்வாவில் ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு அப்பாயின்ட்மென்ட் கொடுப்பதுதான் என் வேலை. பெருமைக்குச் சொல்லவில்லை, இல்லை, பெருமைக்குத்தான் சொல்கிறேன்: அந்த வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. இந்த வாரம் இடமே இல்லை என்று டாக்டர் கையை விரித்தாலும், எந்த நாளில் எந்த இடுக்கில் ஒருவரை நுழைக்கலாம் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட நான், என் வயிற்றுப் பிள்ளைக்கு ஓர் அப்பாயின்ட்மென்ட் வாங்கப்போய் முதல் தடவை கோட்டை விட்டேன்.

சோதனைக் குச்சியில் இரண்டு கோடு தெரிந்த காலையில் என் கணவர் கட்டட சைட்டுக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். குச்சியைக் காட்டினேன். ஒரு காலில் மட்டும் ஷூவோடு எழுந்து நின்றார். அவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. போன வருடமும் இப்படி ஒரு காலை வந்தது. அப்போது வீடே அதிரும்படி சிரித்தோம். ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாதத்தில் ஒரு தேதி கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்தோம். தேதி வருவதற்கு முன்பே பிள்ளை போய்விட்டது. டாக்டரோ நர்ஸோ அதை உயிரோடு பார்க்கவே இல்லை. ஒரு ஸ்கேன் படம்கூடக் கிடையாது. அது இருந்தது என்பதற்கு நாங்கள் இரண்டு பேர்தான் சாட்சி.

அதனால் இந்த முறை எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. இந்தப் பிள்ளையைச் சீக்கிரமே யாராவது பார்த்துவிட வேண்டும். பார்த்தால் மட்டும் காப்பாற்றிவிட முடியுமா என்றால் முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனாலும் இதுவும் யார் கண்ணிலும் படாமல் போய்விடக் கூடாது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

பொள்ளாச்சியில் இருக்கும் மாமியாரிடம் வீடியோ காலில் சொன்னோம். முகம் மலர்ந்துவிட்டது. மலர்ந்த வேகத்திலேயே சட்டமும் போட்டுவிட்டார்.

“மூணு மாசம் முடியட்டும் கண்ணு. அதுவரைக்கும் ஆருகிட்டயும் மூச்சு விடாத.”

“ஆஸ்பத்திரில மிட்வைஃப்கிட்டப் போவணும்ங்கத்தை. அவங்க எல்லாம் கேப்பாங்களே?”

“மருத்துவச்சியா? துபாய்லயா?” என்று சிரித்தார். “வெளக்கெண்ணெய் கிண்ணத்தோட வருவாங்களாக்கும்? சரி, போயிட்டு வா. கேட்டாங்கன்னா இதுதான் தலைச்சன்னு சொல்லு. போனதைக் கணக்குல சேக்காத. நல்லது நடக்கறப்ப வாயில அது வரக்கூடாது.”

“சரிங்கத்தை” என்றேன். வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன். ஆனால் என் மாமியார் போன வருடம் நான் படுத்துக் கிடந்தபோது விசா எடுத்து ஓடி வந்தவர். ஒரு மாதம் கூடவே இருந்து கஞ்சி வைத்துக் கொடுத்து, தலைவாரிவிட்டு, என்னைத் தேற்றி எழுப்பியவர். அந்த ஒரு மாதத்தில் போன பிள்ளையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேச்செடுத்தால் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். அடுப்பில் ஒன்றும் இருக்காது.

தலைச்சன் என்ற வார்த்தைக்கு எங்கள் வீட்டில் அவ்வளவு மதிப்பு. என் கணவர் தலைச்சன், நானும் தலைச்சன். தலைச்சனும் தலைச்சனும் சேரும் கல்யாணத்தை ஆனி மாதத்தில் வைக்கக் கூடாது என்று, பேசி முடித்த மண்டபத்தையே விட்டுவிட்டு ஆவணிக்குத் தள்ளினார்கள். என் கணவருக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. மீன் குழம்பில் நடுத்துண்டை எடுக்கும்போதுகூட, “நான் தலைச்சன் அம்மிணி” என்பார்.

மறுநாள் டீ இடைவேளையில் மருத்துவமனைப் படிக்கட்டுக்குப் போய், பக்கத்தில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் ஆங்கிலத்தில், என்னைப் போலவே ஒப்பிக்கும் குரலில் கேள்விகளைக் கேட்டாள். பெயர், வயது, கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதி. பிறகு, “இது முதல் கர்ப்பமா மேடம்?”

“ஆமாம்” என்றேன்.

“வேறு ஏதாவது தொந்தரவு?”

“ஒன்றும் இல்லை.”

“அப்படியானால் அவசரம் இல்லை மேடம்” என்று சந்தோஷமாகச் சொல்லி, மூன்றாம் மாதத்தில் ஒரு தேதி கொடுத்தாள். கொஞ்சம் முன்னால் கிடைக்குமா என்றேன். கிடைக்காது, முதல் கர்ப்பத்துக்கு இதுதான் வழக்கமான நேரம் என்றாள். நான் தினமும் ஊருக்குச் சொல்லும் பதில். அதை எனக்கே ஒருத்தி சொன்னபோது, எவ்வளவு எரிச்சலான பதில் என்று தெரிந்தது. போன வருடமும் இதே மாதிரி ஒரு தேதிதான். போனை வைத்துவிட்டுப் படிக்கட்டிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. இடைவேளை முடிந்ததால் முகத்தைக் கழுவிக்கொண்டு மேசைக்குப் போனேன்.

மேசைக்கு எதிரே தையற்கடை அண்ணாச்சி காத்திருந்தார். சத்வாவில் பல வருடமாகக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர், அன்றைக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வந்திருந்தார். நான் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். சர்க்கரை, பிரஷர், தினசரி மருந்து மாத்திரை ஏதாவது?

“ஒண்ணும் கிடையாதும்மா.”

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வாங்கிப் பார்த்தால் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை. அதைச் சாப்பிடுகிறவர் டாக்டரிடம் சொல்லாமல் பல்லைப் பிடுங்கிக்கொண்டால் ரத்தம் லேசில் நிற்காது. ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த எனக்கு இது போதாதா?

“அண்ணாச்சி, இது என்ன? பொய் சொல்லிப் பல்லைப் புடுங்கி, ரத்தம் நிக்கலைன்னா யாருக்குங்க நஷ்டம்? எனக்கா?”

அவருக்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது. “பொய்யா? நான் எதுக்கும்மா பொய் சொல்லுதேன்? இது ஹார்ட்டுக்கு தெனமும் திங்கது. பழகிப்போச்சு. அதைப் போயி மருந்துன்னு கணக்குல சேக்கலை, அவ்வளவுதான்.”

கணக்கில் சேர்க்கவில்லை. அவரை அதட்டத்தான் எனக்குத் தெரிகிறதே தவிர, கால் மணி நேரத்துக்கு முன்னால் படிக்கட்டில் நின்று நான் செய்தது என்ன? எனக்கும் ஒருத்தி கேள்வி கேட்டாள். நானும் ஒன்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவளுக்கும் என்னைப் போல் மேசைமேல் நாட்குறிப்பு இருக்கும், அதில் இடுக்கு இருக்கும். காரணம் தெரிந்தால்தானே அவள் என்னை அதில் நுழைப்பாள்?

இன்னொரு முறை படிக்கட்டுக்குப் போக எனக்குப் பொறுமை இல்லை. அண்ணாச்சியைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு, மேசைப் போனையே எடுத்து அழுத்தினேன். காத்திருக்கும் நாற்காலிகள் எல்லாம் நிறைந்திருந்தன. அவர்களில் பாதிப் பேர் எங்கள் தெருக்காரர்கள். மூன்று மாதம் வரை மூச்சு விடாதே என்று மாமியார் சொன்னது ஞாபகம் வந்தது. வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதே பெண்தான் எடுத்தாள். “நான் முன்பு பேசியதில் ஒன்றைத் திருத்த வேண்டும்” என்றேன். “இது முதல் கர்ப்பம் இல்லை. இரண்டாவது.”

“சரி மேடம். எத்தனை குழந்தைகள்?”

“கையில் குழந்தை இல்லை. போன வருடம் ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வரும் தேதிக்கு முன்னாலேயே போய்விட்டது. இந்த முறை அப்படிக் காத்திருக்க என்னால் முடியாது.”

மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, தெளிவாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஒரு வருடமாகத் தொண்டையில் கிடந்தது வெளியே வந்தது. எனக்கு வெட்கமாக இல்லை, பெருமையாகத்தான் இருந்தது. ஒரு பிள்ளைக்காக அதன் தாய் முதன்முதலாக வாயைத் திறந்து பேசியிருக்கிறாள். அது இருந்தபோது செய்ய முடியாததை, அது போன பிறகாவது செய்தேன்.

அந்தப் பெண்ணின் ஒப்பிக்கும் குரல் மாறிவிட்டது. “இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே மேடம்” என்றாள். மிட்வைஃபிடம் கேட்டு வந்து, அடுத்த செவ்வாய்க்கிழமை பகல் மூன்று மணிக்கு வரச் சொன்னாள். அன்றே ஸ்கேனும் உண்டு என்றாள். செவ்வாய் மூன்று மணி ராகு காலம். இங்கே மூன்று மணி என்றால் பொள்ளாச்சியில் நாலரை, அங்கே ராகு காலம் முடிந்திருக்கும் என்று நானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

போனை வைத்தேன். அண்ணாச்சி மாத்திரை அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“எழுதிக்கோ தாயி. சர்க்கரையும் கொஞ்சம் உண்டு. அதையும் சேத்து எழுதிக்கோ.”

செவ்வாய்க்கிழமை என் கணவர் சைட்டில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, தலையில் ஹெல்மெட் அழுத்திய தடத்தோடு நேராக வந்தார். மிட்வைஃப் ஐம்பதை நெருங்கும் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. விளக்கெண்ணெய்க் கிண்ணம் எதுவும் இல்லை. கம்ப்யூட்டரில் பெயரைப் பார்த்ததும் ஆங்கிலத்தை விட்டுவிட்டார்.

“வாங்கோ, ரெண்டு பேரும் இருங்கோ. இது எத்தினையாவது பிள்ளை?”

“ரெண்டாவது” என்றேன். அதே நொடியில் என் கணவரும் “ரெண்டாவது” என்றார். நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“முதல் பிள்ளை எத்தினை கிழமையில போனது?” என்று மிட்வைஃப் கேட்டார். கிழமை என்று அவர்கள் வாரத்தைச் சொல்வார்கள். சொன்னேன். அதைக் குறித்துக்கொண்டார். அவர் ஐயோ என்று உச்சுக்கொட்டவில்லை, பேச்சை மாற்றவும் இல்லை. ஒரு பிள்ளையைப் பற்றிக் கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்துவிட்டு, அடுத்த பிள்ளைக்கு வந்தார். வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா, இரட்டைப் பிள்ளை உண்டா, உங்கள் அம்மாவுக்கு, மாமியாருக்கு இப்படிப் பிள்ளை தங்காமல் போனதுண்டா என்று கேட்டார். இல்லை என்றோம்.

பக்கத்து அறையில் ஸ்கேன் எடுத்தார்கள். சாம்பல் நிறத் திரையில் ஓர் அரிசி அளவுக்கு ஏதோ தெரிந்தது. அதன் நடுவில் ஒரு புள்ளி நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தது. “ஓடுது” என்றார் என் கணவர். “அம்மிணி, ஓடுது பாரு.” நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் கணவர், மிட்வைஃப், ஸ்கேன் எடுத்த பெண் என்று என்னைத் தவிர இன்னும் மூன்று பேர் பார்த்தார்கள், எண்ணிக்கொண்டேன். என்னைவிடக் கர்வம் பிடித்த மனுஷி அன்றைக்குத் துபாயிலேயே இருந்திருக்க மாட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மாமியாரைக் கூப்பிட்டோம். போனை ஸ்பீக்கரில் போட்டு, படத்தைப் பற்றி, துடிப்பைப் பற்றி எல்லாம் சொன்னோம். அவர் அழுதுகொண்டே சிரித்தார். அப்போதுதான் நான் அதையும் சொன்னேன்.

“அத்தை, நீங்க சொன்னபடி செய்யலைங்க. மொதல்ல தலைச்சன்னுதான் சொன்னேன், மனசு கேக்கலை. ரெண்டாவதுன்னு சொல்லீட்டேன்.”

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை, அங்கே மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் சொன்னது சொன்னதுதான் என்று மனதுக்குள் தயாராக நின்றேன்.

“அவங்க என்ன சொன்னாங்க?” என்று மெதுவாகக் கேட்டார்.

“எத்தனை வாரத்துலன்னு கேட்டாங்க. எழுதிக்கிட்டாங்க. வேற ஒண்ணும் சொல்லலைங்க.”

“கேட்டாங்களா?”

“கேட்டாங்கத்தை.”

பிறகு அவர் சொன்னார். “எனக்கும் உன்ற புருஷன் ரெண்டாவதுதான் சாமி. இவனுக்கு முன்னால ஒண்ணு. மூணு மாசம்கூட ஆகலை. அப்பறம் ஆரும் அதைப் பத்திக் கேக்கவே இல்லை. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்.”

என் கணவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். பிறந்ததிலிருந்து தலைச்சன் என்று நடுத்துண்டு சாப்பிட்டவர். எழுந்து வந்து போனை என் கையிலிருந்து வாங்கினார். என்னவோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். “அம்மா” என்று கூப்பிட்டதுமே அழுதுவிட்டார்.

“அழுகாத சாமி” என்றார் மாமியார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். “கண்ணு, அடுத்த தடவை எப்பப் போற?”

“அடுத்த மாசங்கத்தை.”

“போனா அந்த மருத்துவச்சிகிட்ட என்னுதையும் சேத்திச் சொல்லீரு.”